பென்சில் மேடமும் தவறிப்போன முதல் பக்கமும்

எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவசரமே படாத ஜீவன் ஒன்று உண்டு. கதவுப் பலகையில் ‘மருத்துவ உளவியலாளர்’ என்று போட்டிருக்கும். நாங்கள் வைத்த பெயர் பென்சில் மேடம். அவர் மேஜைமேல் எந்நேரமும் ஒரு டப்பா நிறையச் சீவிய பென்சில்கள் நிற்கும். சோதனை எழுத வருகிறவர்களைப் பேனா தொட விடமாட்டார். “பேனான்னா எழுதறதுக்கு முன்னாடியே பயம் வந்துடும். பென்சில்னா அழிச்சுக்கலாம்னு ஒரு தைரியம்” என்பார். அழித்து எழுதிய இடங்களைத்தான் அவர் முதலில் பார்ப்பார் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

நான் அதே மாடியில் உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். முன்பு நர்ஸாக இருந்ததால் எல்லாருக்கும் இன்னமும் சிஸ்டர்தான். சிறுநீரகம் கெட்டவர், கொடுக்க வருகிறவர், ரத்தப் பரிசோதனை, அறுவை மருத்துவரின் தேதி, இத்தனையையும் ஒரு புள்ளியில் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. என் குணத்துக்கு எதுவும் நேற்றே முடிந்திருக்க வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நம்புகிறவள் நான். பென்சில் மேடமோ பதறாத காரியம் சிதறாது என்கிற கட்சி. எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே கூரைவரை போகாத ஒரு பலகைத் தடுப்புதான். ஒருவர் இருமினால் இன்னொருவர் தண்ணீர் கொடுக்கலாம்.

சிறுநீரகம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரும் அந்தத் தடுப்புக்கு அப்பால் போய் உட்கார்ந்து ஓர் ஆளுமைச் சோதனை எழுதியாக வேண்டும். கேள்விகள் என்று சொல்வோமே தவிர அவை வெறும் வாக்கியங்கள். ‘எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும்’, ‘கூட்டத்தில் இருக்கும்போதும் தனியாக உணர்கிறேன்’ என்று பக்கம் பக்கமாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, தவறு என்று இரண்டு வட்டங்கள். ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். நடுநடுவே சில குறும்பு வாக்கியங்கள் கலந்திருக்கும். ‘நான் வாழ்க்கையில் யார்மீதும் எரிச்சல் பட்டதில்லை’ என்பதற்கு ஒருவர் சரி என்று போட்டால், அவர் தன்னைப் புண்ணியாத்மாவாகக் காட்டிக்கொள்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பதில்கள் சேரச் சேர அந்தத் தாளை நம்ப முடியாது.

“இதுல பாஸ், ஃபெயில் கிடையாது” என்று மேடம் ஒவ்வொருவரிடமும் சொல்வார். ஒருவரும் நம்பியதில்லை.

மேடத்துக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. தாளைத் திருத்திக் கணக்குப் போட்டதும் நேரே மருத்துவருக்கு அனுப்பிவிட மாட்டார். எழுதினவரை மறுபடி வரவழைத்து, கண்டதை எளிய வார்த்தையில் அவரிடமே முதலில் சொல்வார். “இது நீங்கதானா, பாருங்க. தப்பா இருந்தா சொல்லுங்க” என்பார். அதற்கு இன்னொரு நாள் போகும். அங்கே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று தடுப்புக்குக் கேட்கிறபடியே முணுமுணுப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து பென்சில் சீவுகிற சத்தம் மட்டும் வரும்.

வீட்டிலும் அவருக்கு இந்தக் கேலி தப்பவில்லை. கணவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். ஒரு முறை மேடத்தை அழைத்துப் போக வந்தவர் என் அறையில் உட்கார்ந்து சொன்னார். “நான் ஆளோட முழியப் பாத்ததும் டிக்கெட் எடுத்தவனா இல்லையான்னு சொல்லிடுவேன் சிஸ்டர். இவளுக்கு அதுக்கு ஐநூறு கேள்வி வேணும்.”

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார். “நீங்க முழியப் பாத்துத் தப்பா இறக்கிவிட்டவங்க எத்தன பேரு? அந்தக் கணக்கு இருக்கா?”

மனிதர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த வருடம் எனக்குப் பிடித்துப்போன நோயாளி ஒருவர் இருந்தார். சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைத்து உறை போடுகிற தொழில். ஊசியில் நூல் கோர்த்த கையில் டயாலிசிஸ் ஊசி ஏறி, தழும்பு கட்டியிருந்தது. வாரத்துக்கு மூன்று முறை வந்து இயந்திரத்தோடு படுத்திருப்பார். வேலைப் பழக்கத்தில், காத்திருப்புக் கூடத்தில் கிழிந்து தொங்கிய பெஞ்சுகளுக்கெல்லாம் வீட்டிலிருந்து துணி கொண்டுவந்து உறை போட்டுக் கொடுத்தார். “நாளைக்கு நான் போயிட்டாலும் உக்காந்து அழறவங்களுக்கு வசதியா இருக்கட்டும் சிஸ்டர்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கை நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தன. மாற்றுச் சிறுநீரகம் சீக்கிரம் கிடைக்காவிட்டால் நிலைமை மோசமாகும் என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

முதலில் கொடுக்க வந்தது அவர் மனைவி. பென்சில் மேடத்திடம் சோதனை எழுதினார், அதில் ஒரு தடையும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மருத்துவர் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா என் அறையில் அழுத அழுகை மாடி முழுக்கக் கேட்டது.

அடுத்தது நோயாளியின் தங்கை. அமைதியான பெண். லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் போனை எடுக்கிற வேலை. எங்காவது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கிறவர் பொத்தானை அழுத்தினால், மறுமுனையில் இவள் குரல்தான் கேட்கும். “பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்று கதவு திறக்கும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் பொருந்தியது. திசுவும் பொருந்தியது. அறுவை மருத்துவர் தேதிகூடப் பார்த்துவிட்டார். பென்சில் மேடத்தின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணிதான் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் உட்காரவைத்துக் காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்ணின் உதடு ஓசையில்லாமல் அசைந்தது. ஏதோ தோத்திரம் சொல்கிறாள் என்று நினைத்து நான் உள்ளே போய்விட்டேன்.

சோதனை முடிந்தது. மேடம் கணக்குப் போட்டார். மாலையில் தடுப்புக்கு மேலாக ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

“இந்தப் பொண்ணப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்கென்ன தோணணும்? வாயில விரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது.”

“அவங்க எழுதியிருக்கறதப் பாருங்க.”

பார்த்தேன். ‘பிறர் பொருளுக்குத் தீ வைக்க ஆசைப்பட்டிருக்கிறேன்’, சரி. ‘என் அம்மாவை எனக்குப் பிடிக்கும்’, தவறு. ‘யாரும் இல்லாதபோது என்னைத் திட்டும் குரல்கள் கேட்கின்றன’, சரி. ‘மழையைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும்’, தவறு. தாளைத் திருப்பி மேலே இருந்த பெயரைச் சரிபார்த்தேன்.

விஷயம் அறுவை மருத்துவர் காதுக்குப் போனது. அவர் மாடியேறி வந்தார். “என்ன மேடம், வீட்டக் கொளுத்துற ஆளா? அப்படின்னா வேண்டாம்னு ஒரு வரி எழுதுங்க, இல்லேன்னா சரின்னு ஒரு வரி எழுதுங்க. தியேட்டர் எனக்காகக் காலியா இருக்காது.”

“ரெண்டையும் இப்ப எழுத முடியாது, டாக்டர்” என்றார் மேடம். “முதல் பக்கத்துல ஒரு ஆள் எழுதியிருக்கு. மிச்சப் பக்கமெல்லாம் வேற ஆள். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்ததுகூட இல்லபோல இருக்கு. யார் வந்தாங்கன்னு கேட்டுட்டுச் சொல்றேன்.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மறுபடி அந்தப் பெண் வந்தபோது நான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதுகிற பாவனை செய்தேன். இந்த விஷயத்தில் நானும் குழுவில் ஒருத்தி என்பதால் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

“எந்த எடத்துலேர்ந்து நீங்களா எழுத ஆரம்பிச்சீங்க?” என்று மேடம் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை.



“ரெண்டாவது பக்கத்துலேர்ந்து மேடம்.”

“அப்ப முதல் பக்கம்?”

“அது அண்ணி சொல்லிக்குடுத்தது. அவங்க எழுதினது சரியா வந்துச்சுல்ல, அதனால அதே மாதிரி நானும் போடணும்னு. முதல் பக்கம் மட்டும்தான் அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. சரி சரி தவறு, சரி தவறு தவறு, தவறு சரி சரின்னு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ண வெச்சாங்க. வாசிக்கவே வாசிக்காத, வாசிச்சா யோசிப்ப, யோசிச்சா மாத்திடுவன்னு சொன்னாங்க. நான் வாசிக்கல மேடம்.”

பென்சில் மேடம் சிரித்து நான் கேட்டது ரொம்ப அபூர்வம். அன்று வாய்விட்டுச் சிரித்தார். நானும் இந்தப் பக்கம் வாயில் கையை வைத்துக்கொண்டேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது ஆள் வந்தால், வாக்கியங்களை வரிசை மாற்றி அச்சடித்த வேறு தாளைக் கொடுப்பது அவர் வழக்கம். பாவம் அண்ணி, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவைத்துவிட்டார். தன் சாதுவான பதில்களை வைத்தே நாத்தனாரைத் தீ வைக்கிற பெண்ணாக்கிவிட்டார்.

அவளும் விஷயம் புரிந்து சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் மேடம் சொன்னார். “முதல் பக்கத்தத் தூக்கிப் போட்டுடுவோம். நீங்க எழுதினத நான் வாசிக்கறேன். நீங்கதானான்னு மட்டும் சொல்லுங்க.”

ஒவ்வொன்றாக வாசித்தார். ‘கேட்டதை மறுத்துவிட்டால் அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது.’ ‘எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.’ ‘சண்டை வருமோ என்று பயந்து பிடிக்காததற்குத் தலையாட்டியிருக்கிறேன்.’ ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண், “நான்தான்” என்றாள். போகப் போகக் குரல் தேய்ந்துகொண்டே போனது.

“உங்க அண்ணனுக்குக் கிட்னி குடுக்க உங்களுக்கு விருப்பமா?”

“குடுக்கணும் மேடம்.”

“குடுக்கணுமான்னு நான் கேக்கல.”

 மேடம் அவசரப்படுத்தவில்லை. என்னால் இருக்க முடியவில்லை, ஆனால் இருந்தேன்.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க என்கிட்ட பயமா இருக்குன்னு சொல்லி அழுவாங்க” என்றாள் கடைசியில். “சில நேரம் அவங்க மேல பொறாமையா இருக்கும். அப்படிச் சொல்ல முடியுதேன்னு.”

“இங்க நீங்களும் சொல்லலாம்.”

“எனக்குப் பயமா இருக்கு மேடம். எனக்கு வேண்டாம். அண்ணன்தான் என்னப் படிக்க வெச்சாரு, அப்பா ஸ்தானத்துல இருந்தாரு. அவருக்கு வேணும்னா உயிரக் குடுப்பேன்னு வாயால சொல்லுவேன். ஆனா ராத்திரி படுத்தா வயித்தக் கிழிக்கிற மாதிரியே வருது. அண்ணன் இதப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எல்லாம் அண்ணிதான். அவரு கேட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வேண்டாம்னு வீட்டுல என்னால சொல்ல முடியாது மேடம். செத்தாலும் முடியாது.”

“நீங்க சொல்ல வேண்டாம்” என்றார் மேடம். “பொருந்தலன்னு ஆஸ்பத்திரி சொல்லும். காரணம் எழுத மாட்டோம். யார் கேட்டாலும் அதுக்கு மேல ஒரு சொல் எங்க வாயிலேர்ந்து வராது.”

இது எங்கள் தொழிலில் உள்ள நடைமுறைதான். மனமில்லாமல் வருகிறவருக்கு, குடும்பத்துக்கு முன்னால் தலை குனியாமல் திரும்பிப் போக ஒரு வழி. சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் அவள் போனதும் நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அவர் மேஜைமுன் நின்றேன்.

“அந்த மனுஷனோட கையப் பாத்திருக்கீங்களா மேடம்? ஊசி போட எடம் இல்ல. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்றீங்களே. அந்தப் பொண்ணுக்குப் பயம்தான, வேற ஒண்ணும் இல்லையே. கூட உக்காந்து பேசினா சம்மதிச்சுடும்.”

“சம்மதிச்சுடும்” என்றார். “அஞ்சு நிமிஷம் போதும். நீங்க பேசினாலும் சம்மதிக்கும், வாசல்ல இருக்கற வாட்ச்மேன் பேசினாலும் சம்மதிக்கும். அதுதான் எனக்குப் பயம்.”

எனக்குக் கோபம் தணியவில்லை. “அவரு செத்துப் போனா?”

 மேடம் ‘பொருந்தவில்லை’ என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடிவைத்தார். அவருக்கும் அந்த மனிதரைத் தெரியும். அந்த மனிதர் உறை போட்ட பெஞ்சில் உட்கார்ந்துதான் மேடம் தினமும் டீ குடிப்பார். அன்றைக்கு நான் மேடத்தோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

‘பொருந்தவில்லை’ என்ற ஒற்றைச் சொல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணி அலறியடித்துக்கொண்டு வந்தார். “நான் சொல்லிக்குடுத்ததுல ஏதாவது தப்பாயிடுச்சா சிஸ்டர்? நான் அவளக் கெடுத்துட்டேனா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த அம்மாவைத் திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். புருஷன் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கண்ணில் வேறொன்றும் இல்லை. “உங்களால ஒண்ணும் ஆகலம்மா” என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணன் அடுத்த டயாலிசிஸுக்கு வந்தபோது என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்.

“என் தங்கச்சிக்கு உடம்புல கோளாறு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?”

“பொருந்தல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

“அப்பாடா” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனிதர் தன் கடைசி வழி அடைபட்டதற்கு அப்பாடா என்கிறாரே என்று விழித்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவ கேட்டா குடுத்துடுவா சிஸ்டர். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். சாப்பிட்டுட்டிருக்கற தட்டக் கேட்டாக்கூடத் தள்ளி வெச்சுடுவா. அதனாலதான் நான் கேக்கவே இல்ல. வீட்டுக்காரி ஏற்பாடு பண்றான்னு தெரியும், வேண்டாம்னு தடுக்கவும் எனக்கு மனசு வரல. உயிர் ஆச சிஸ்டர். தடுக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. அவளா ஏதாவது சொல்லி நின்னுட மாட்டாளான்னு இருந்துச்சு.”

 அவர் போனதும் நேரே தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். பேசாமல் இருந்த கோபத்தையெல்லாம் மறந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பென்சில் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இத அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாமா மேடம்?” என்றேன்.

“நாம சொல்லக் கூடாது. அவ சொன்னது அவளோடது. அவரு சொன்னது அவரோடது. அவரு சொன்னத அவரு யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கலாம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம், சிஸ்டர். உங்க அவசரம் எனக்குத் தெரியும்.”

அவசரத்தை அடக்கிக்கொண்டு, அண்ணனிடம் போய் ஒன்றே ஒன்று சொன்னேன். “என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க.”

அடுத்த முறை அண்ணிக்குக் காய்ச்சல் என்று தங்கைதான் துணைக்கு வந்தாள். டயாலிசிஸ் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். நான் ரத்தப் பரிசோதனை முடிவைக் கட்டிலில் மாட்ட வந்தவள், போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் மாட்டுவதையே நெடுநேரம் செய்துகொண்டிருந்தேன். அண்ணன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். கேட்டா குடுத்துடுவ, அதான் கேக்கல. உயிர் ஆசைப்பட்டதையும் மறைக்கவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது. நான் நினைத்தேன், இவள் இப்போது அழுதுகொண்டே எழுந்து என்னிடம் வந்து, கொடுக்கிறேன் சிஸ்டர், மறுபடி எழுதுங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று. அவளுடைய தாளைப் பார்த்தவளால் வேறு என்ன நினைக்க முடியும்? உண்மையைச் சொன்னால், அப்படி நடந்துவிடாதா என்று எனக்குள் ஒரு மூலையில் ஆசைகூட இருந்தது.

“பொருந்தலன்னு ஆஸ்பத்திரி தானா சொல்லல அண்ணா” என்றாள்.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரில எல்லாம் பொருந்திடுச்சு. நான்தான் சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு. நான் மாட்டேன்.”

சொல்லிவிட்டு அடி விழப்போகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் இயந்திரத்தோடு கட்டியிருந்த கையை அசைக்க முடியாமல், மறு கையை எட்டி நீட்டி அவள் தலைமேல் வைத்தார்.

“சரிம்மா” என்றார். “இன்னொரு தடவ சொல்லு.”

“எதுக்குண்ணா?”

“நீ மாட்டேன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.”

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரலில், பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, மறுபடியும் சொன்னாள்.